அச்சிட்ட டைட்டேனியம் பிளேட்டை உப்பு அரிக்குமா?

ராமநாதபுரம் கடற்கரையில் இரும்பை நம்பி யாரும் நிம்மதியாக இருப்பதில்லை. ஜன்னல் கம்பி, மோட்டார் போல்ட், மின்கம்பத்து கிளாம்ப் எல்லாமே சில வருடங்களில் செதில் செதிலாக உதிரும். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் தன் ஆயுள் முழுக்கப் பெயிண்டையும் பழுதுபார்ப்பையும் நம்பியே நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். காரைக்குடி சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகத் துண்டுகளை உப்புக்காற்றில் போட்டுச் சோதிக்க மண்டபத்தில் ஓர் அரிப்புச் சோதனை மையம் வைத்ததும் இதனால்தான்.

இந்த மண்ணில் வளர்ந்த ஒருவரிடம், "உங்கள் தாடைக்கு 3டி பிரிண்டரில் அச்சடித்த டைட்டேனியம் பிளேட் வைக்கப் போகிறோம்" என்று மருத்துவர் சொன்னால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? அது துருப்பிடிக்காதா? நான் கடலில் இறங்குகிறவன், எனக்கு ஒத்துவருமா? அச்சடித்தது என்றால் கெட்டியாக இருக்குமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் பதில் எளிது. தோல் மூடிய பிறகு வெளியே உள்ள கடலுக்கும் உள்ளே உள்ள பிளேட்டுக்கும் தொடர்பு கிடையாது. உடம்புக்குள்ளேயே உப்புநீர் இருக்கிறது. அதை டைட்டேனியம் நன்றாகவே தாங்கும். மூன்றாவது கேள்விதான் விரிவாகப் பேச வேண்டியது. டைட்டேனியத்தைக் காப்பது அதன் மேல் படிந்திருக்கும் சில நானோமீட்டர் கனமுள்ள ஆக்சைடு படலம். இயந்திரத்திலிருந்து எடுத்த கையோடு இருக்கும் துண்டின் மேற்பரப்பு அந்தப் படலத்துக்கு ஏற்றதாக இருக்காது. அச்சடித்த பிறகு அந்தத் துண்டுக்கு என்னென்ன செய்தார்கள் என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது.

உடம்புக்குள் எவ்வளவு உப்பு?

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். அதில் குளோரைடு மட்டும் 19 கிராம். ரத்தத்தில் குளோரைடு லிட்டருக்கு 3.5 கிராம் அளவு. உப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் பாக் நீரிணை உடம்பைவிட ஐந்து மடங்குக்கு மேல் கொடியது. மற்ற விஷயங்களில் உடம்பு அவ்வளவு சாதுவானதல்ல.

1. வெப்பம் இரவு பகல் பாராமல் 37 டிகிரி செல்சியஸ். குளிர்ந்து ஓயும் நேரமே கிடையாது.

2. சாதாரண நிலையில் பி.எச் 7.4. அறுவை சிகிச்சை முடிந்த சில நாட்களுக்குக் காயத்தைச் சுற்றி அமிலத்தன்மை கூடும். கிருமித்தொற்று இருந்தால் இன்னும் கூடும்.

3. அழற்சி நேரத்தில் வெள்ளணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிடுகின்றன. டைட்டேனியம் ஆக்சைடு படலத்தைத் தளர்த்தக்கூடிய சில வேதிப்பொருட்களில் இது ஒன்று. ரத்தப் புரதமான ஆல்புமினும் சேர்ந்தால் கரைதல் வேகம் தனித்தனியாக இருப்பதைவிட அதிகரிப்பதை ஆய்வகங்கள் காட்டியிருக்கின்றன.

4. ஓய்வில்லாத அசைவு. மெல்லும்போதும் நடக்கும்போதும் ஸ்க்ரூவும் பிளேட்டும் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் ஒன்றோடொன்று உரசுகின்றன.

5. திசுக்களுக்குள் ஆக்சிஜன் திறந்த காற்றைவிடக் குறைவு. கிழிந்த படலம் மறுபடி உருவாக ஆக்சிஜனோ நீரோ வேண்டும் என்பதால் இதுவும் கணக்கில் வருகிறது.

படலம் எப்படிக் காக்கிறது

இரும்பின் துரு தானிருக்கும் உலோகத்தைவிடப் பருத்து, நுண்துளைகளோடு உதிர்கிறது. அடியில் உள்ள இரும்பை அது மூடுவதில்லை. டைட்டேனியத்தில் உருவாகும் டைட்டேனியம் டைஆக்சைடு உலோகத்தோடு இறுக ஒட்டிக்கொள்கிறது. இயல்பான கனம் 2 முதல் 7 நானோமீட்டர். கீறினால் மில்லிசெகண்டுகளில் மறுபடி வளரும்.

எலும்பு முறிவுக்கு இன்றும் ஏராளமாகப் பயன்படும் 316 எல் என்ற துருப்பிடிக்காத எஃகும் படலத்தால்தான் பிழைக்கிறது. அங்கே காவல் குரோமியம் ஆக்சைடு. குளோரைடு அதைச் சில இடங்களில் துளைத்துக் குழிகளை உண்டாக்கும். டைட்டேனியத்தில் இந்தக் குழி அரிப்பு வர வேண்டுமானால் உடல் வெப்பநிலையில் பல வோல்ட் மின்னழுத்தம் தேவை. உடம்புக்குள் ஒரு வோல்ட்கூட வராது. கடல்நீரால் குளிர்விக்கும் மின்நிலையங்களின் கண்டென்சர்களுக்கு டைட்டேனியம் குழாய் போடுவதும் இதே காரணத்தால்.

அப்படியானால் டைட்டேனியம் எதற்குத்தான் அஞ்சும்? அமிலச் சூழலில் ஃப்ளோரைடு, மேலே சொன்ன பெராக்சைடு, விடாத உரசல், ஆக்சிஜன் புகாத இறுக்கமான இடுக்கு. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை எளிதாகப் புரியும்.

அச்சடிப்பது என்றால்

பயன்படும் உலோகம் பெரும்பாலும் டைட்டேனியத்தோடு 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்த கலவை. மருத்துவத்துக்கான ரகத்தில் ஆக்சிஜன் 0.13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் உலோகம் கடினமாகும், ஆனால் நொறுங்கும் குணமும் வரும்.

முறைகள் இரண்டு. லேசர் முறையில் 15 முதல் 45 மைக்ரான் அளவுள்ள பொடியை 30 முதல் 60 மைக்ரான் கனத்துக்குப் பரப்பி, ஆர்கான் வாயு நிரம்பிய அறைக்குள் லேசரால் அடுக்கு அடுக்காக உருக்குகிறார்கள். எலக்ட்ரான் கற்றை முறையில் பொடி பெரிது, 45 முதல் 105 மைக்ரான். வேலை நடப்பது வெற்றிடத்தில், பொடிப் படுகையையே பல நூறு டிகிரிக்குச் சூடாக்கி வைத்துக்கொண்டு.

இத்தனை சிரமப்படுவதற்குக் காரணங்கள் உண்டு. நோயாளியின் சி.டி. ஸ்கேனை வைத்து அவருடைய தாடைக்கோ இடுப்புக்கோ பொருந்தும் வடிவத்தை நேரடியாக எடுக்கலாம். வலைப்பின்னல் போன்ற உட்கட்டமைப்பைச் செய்யலாம். 300 முதல் 800 மைக்ரான் துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். முழு உலோகத்தின் விறைப்பு 110 ஜிகாபாஸ்கல், கெட்டி எலும்பின் விறைப்பு 15 முதல் 20. பாரத்தை எல்லாம் உலோகமே சுமந்தால் எலும்பு வேலையில்லாமல் மெலியும். வலைப்பின்னல் அந்த விறைப்பை எலும்பின் அருகே இறக்குகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு: வலைப்பின்னலின் மேற்பரப்பளவு வழவழப்பான துண்டைவிடப் பல மடங்கு. ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து கசியும் அயனி மிகக் குறைவாகவே இருந்தாலும், மொத்தப் பரப்பால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இயந்திரத்திலிருந்து எடுத்ததும் என்ன குறை

1. பாதி உருகிய பொடி. ஓரங்களில் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். லேசர் முறையில் சராசரிக் கரடுமுரடு 5 முதல் 20 மைக்ரான், எலக்ட்ரான் கற்றையில் 20 முதல் 35. இந்த உருண்டைகளில் சில பிடிப்பில்லாதவை. உடம்புக்குள் உதிர்ந்தால் சுற்றியுள்ள திசுவில் அழற்சி. உருண்டையின் கழுத்துக்கு அடியில் உள்ள சந்துதான் மேலே சொன்ன ஆக்சிஜன் புகாத இடுக்கு.

2. நுண்துளைகள். லேசர் சக்தி குறைந்தால் அடுக்குகளுக்கு நடுவே கோணல்மாணலான வெற்றிடம் நிற்கும். மிஞ்சினால் உருகிய உலோகத்தின் அடியில் வாயு சிக்கி உருண்டைத் துளை. கோணல் துளைதான் ஆபத்தானது: முனையில் விரிசல் தொடங்கும், மேற்பரப்பை எட்டினால் அரிப்புக்கும் இடம்.

3. உள்ளமைப்பு. லேசர் உருக்கிய இடம் மிக வேகமாகக் குளிர்வதால் ஊசி ஊசியான மார்ட்டென்சைட் அமைப்பு உண்டாகிறது. உருக்கி அடித்துச் செய்த உலோகத்தில் ஆல்ஃபா, பீட்டா என்ற இரு படிக வகைகள் சமநிலையில் இருக்கும். இங்கே பீட்டா மிகக் குறைவு. உப்புக்கரைசலில் லேசர் அச்சுத் துண்டின் அரிப்பு எதிர்ப்பு சற்றுக் குறைந்து காணப்பட்டதற்கு இதையே காரணமாகச் சொன்ன ஆய்வுகள் உண்டு. ஆனால் பெராக்சைடு நிறைந்த அழற்சிச் சூழலில் முதலில் கரைவது வனேடியம் செறிந்த பீட்டா பகுதிதான். ஆகவே 'பீட்டா குறைந்தால் கெட்டது' என்று ஒரே வரியில் முடிக்க முடியாது.

4. உள்ளே தேங்கிய இழுவிசை. எந்தத் தகட்டின் மேல் அச்சடித்தார்களோ அதிலிருந்து வெட்டி எடுத்தவுடன் மெல்லிய தாடைப் பிளேட் வளைந்துவிடும். வெட்டுவதற்கு முன்பே வெப்பப் பதனம் செய்வது இதற்காக.

5. மறுபயன்பாட்டுப் பொடி. மிஞ்சிய பொடியைச் சலித்துத் திரும்பப் பயன்படுத்துவது வழக்கம். ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிஜன் அளவு ஏறும். ஈரக்காற்றில் டப்பாவைத் திறந்துவைத்தால் ஹைட்ரஜனும் சேரும், பொடி கட்டிதட்டிச் சீராகப் பரவாது. கடலோர ஊரில், அதுவும் வடகிழக்குப் பருவமழை மாதங்களில், இந்தப் பொடியைக் கையாள நினைப்பவர் ஆர்கான் நிரப்பிய கலனும் ஈரப்பதக் கட்டுப்பாடும் இல்லாமல் தொடங்கக்கூடாது. தீப்பிடித்தால் தண்ணீரோ கரியமில வாயுவோ அடிக்கவும் கூடாது. எரியும் டைட்டேனியம் இரண்டிலிருந்தும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் வேண்டும்.

சரிசெய்யும் வேலைகள், வரிசைப்படி

வரிசை முக்கியம். ஒரு படியை இடம் மாற்றினால் முந்தைய படி வீணாகும்.

*பொடியை வெளியேற்றுதல்.* அதிர்வு, காற்று, அல்ட்ராசோனிக் குளியல். எலக்ட்ரான் கற்றைத் துண்டில் பொடி லேசாகக் கட்டிப்பட்டிருப்பதால் அதே டைட்டேனியம் பொடியைக் காற்றழுத்தத்தில் அடித்து உதிர்ப்பார்கள். இதை வெப்பப் பதனத்துக்கு முன்பே முடிக்க வேண்டும். வலைப்பின்னலுக்குள் மாட்டிய பொடியைச் சூடேற்றினால் அங்கேயே நிரந்தரமாக ஒட்டிவிடும். பிறகு எந்த அமிலமும் அதை ஒழுங்காக எடுக்காது. ஆழமான வலைப்பின்னல் என்றால் கண்ணால் பார்த்தது போதாது, மைக்ரோ சி.டி. படம் எடுக்க வேண்டும்.

*வெப்பப் பதனம்.* 650 முதல் 800 டிகிரியில் சுமார் இரண்டு மணி நேரம், வெற்றிடத்திலோ ஆர்கானிலோ. காற்றில் சூடேற்றினால் ஆக்சிஜன் ஊறி, ஆல்ஃபா உறை எனப்படும் கடினமான, உடையக்கூடிய அடுக்கு மேலே உருவாகும். படலம் கனமாகிறது, நல்லதுதானே என்று தோன்றலாம். அந்த அடுக்கில் விழும் நுண்விரிசல் உள்ளே இறங்கி, திரும்பத் திரும்ப வளையும் களைப்பால் பிளேட் உடையும்.

*அழுத்த வெப்பமூட்டல்.* 895 முதல் 955 டிகிரி வெப்பத்தில், 100 மெகாபாஸ்கலுக்குக் குறையாத ஆர்கான் அழுத்தத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வைத்தால் உள்துளைகள் நசுங்கி மூடும். அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம்-இன் எஃப் 3001 தரக்குறிப்பு சொல்லும் அளவு இது. பலர் கவனிக்காத ஒன்று: மேற்பரப்போடு இணைந்த துளையை இது மூடாது. அழுத்தம் தரும் வாயு துளைக்குள்ளும் புகுந்துவிடுவதால் நசுக்க எதுவும் இல்லை. அரிப்பைப் பொறுத்தவரை மேற்பரப்புத் துளைதான் முக்கியம் என்பதால், அதை அச்சடிக்கும்போதே தவிர்க்க வேண்டும், அல்லது கடைந்தோ அமிலத்திலோ நீக்க வேண்டும்.

*கடைசல்.* ஸ்க்ரூ துளை, கூம்புப் பொருத்து (ஒரு துண்டின் கூம்பு முனை இன்னொன்றின் குழியில் இறுகும் இடம்), மற்றொரு துண்டோடு சேரும் முகம் ஆகியவற்றை அச்சோடு விட்டுவிடக்கூடாது. கடைந்தே ஆக வேண்டும்.

*மணல் வீச்சு.* அலுமினா துகளை வீசினால் பரப்பு ஒரே சீராகும். ஆனால் துகள்கள் உலோகத்தில் குத்திக்கொண்டு நின்றுவிடும். கண்ணாடி மணியும் உடைந்து ஒட்டும். மிஞ்சினாலும் கேடில்லாத கால்சியம் பாஸ்பேட் துகளை வீசி, மிச்சத்தை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்தெடுப்பது இன்னும் சுத்தமான வழி. எஃகுக் குண்டையோ எஃகுத் தூரிகையையோ கிட்டவே கொண்டுபோகக்கூடாது. தேய்ந்து ஒட்டும் இரும்புத் துகள் ஈரத்தில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். 'டைட்டேனியத்தில் துரு' என்று யாராவது படம் காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த ஒட்டிய இரும்பைத்தான்.

*அமிலத்தில் செதுக்குதல்.* இதுதான் எல்லாவற்றிலும் நுட்பமான படி, அதிகம் கெடுவதும் இங்கேதான். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் 2 முதல் 4 சதவீதம், நைட்ரிக் அமிலம் அதைப்போல் சுமார் பத்து மடங்கு. முதலாவது படலத்தையும் உலோகத்தையும் கரைக்கிறது. இரண்டாவது, வெளிவரும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் ஊறாமல் பார்த்துக்கொள்கிறது. நைட்ரிக் குறைந்தால் ஹைட்ரஜன் ஊறி உலோகம் நொறுங்கும். எஃப் 3001-ன்படி ஹைட்ரஜன் 0.012 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வேலை முடிந்த பிறகு ஹைட்ரஜனை அளந்து பார்க்காத பட்டறையின் துண்டை நம்ப வேண்டியதில்லை.

வலைப்பின்னலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 மைக்ரான் குறுக்களவுள்ள கம்பியில் எல்லாப் பக்கமும் 30 மைக்ரான் கரைத்தால் மிஞ்சுவது 240. குறுக்குப் பரப்பு 64 சதவீதமாகிவிடும். வளைவைத் தாங்கும் வலு கிட்டத்தட்ட பாதி. ஆகவே வரைபடம் போடும்போதே கரையப்போகும் அளவைச் சேர்த்துப் பருமனாக வரைய வேண்டும். தொட்டியில் அமிலம் தேங்கி நின்றால் வெளிக்கம்பிகள் மெலியும். உள்கம்பிகளில் அமிலம் தீர்ந்து, வாயுக் குமிழி அடைத்துக்கொண்டு, உருண்டைகள் அப்படியே நிற்கும். துண்டைச் சுழற்றிக்கொண்டே அமிலத்தை ஓடவிட வேண்டும். வெளியே பளபளப்பு, உள்ளே கரடு என்ற துண்டு வருவது இந்தச் சோம்பலால்.

ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கண்ணாடியையே கரைக்கும்; பிளாஸ்டிக் கலனில்தான் வைக்க வேண்டும். தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமல் உள்ளே இறங்கி, ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்து உயிரையே எடுக்கும். கால்சியம் குளுகோனேட் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அறையில் இந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது.

*குறியிடல்.* தொகுதி எண்ணை லேசரால் பொறிப்பது கடைசிச் சுத்தத்துக்கு முன்பு. அதிகம் வளையும் இடத்தில் பொறித்தால் விரிசல் அங்கே தொடங்கும்.

*நைட்ரிக் குளியல்.* ஏ.எஸ்.டி.எம் எஃப் 86-ன்படி கன அளவில் 20 முதல் 45 சதவீத நைட்ரிக் அமிலம், அறை வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம். 49 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கினால் 20 முதல் 25 சதவீத அமிலமும் 20 நிமிடமும் போதும். பாசிவேஷன், அதாவது காப்புப் படலம் உண்டாக்குதல், என்று பெருமையாகச் சொன்னாலும் டைட்டேனியத்தைப் பொறுத்தவரை இதன் முதல் பலன் ஒட்டிய இரும்பையும் அழுக்கையும் கரைப்பதுதான். படலம் தானாகவே வளரும். அதற்குச் சுத்தமான தரை வேண்டும். பிறகு அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசல். இங்கே போர் தண்ணீரை விட்டால் அத்தனை படியும் பாழ்.

நிறம் எதைச் சொல்கிறது

பச்சை, நீலம், தங்க நிறங்களில் ஸ்க்ரூக்களைப் பார்த்திருக்கலாம். அவற்றில் சாயம் எதுவும் இல்லை. மின்பகுளியில், அதாவது மின்சாரம் கடத்தும் கரைசலில், துண்டை நேர்மின்முனையாக வைத்து வோல்ட்டை ஏற்றினால் ஆக்சைடு கனமாகும், ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 2 நானோமீட்டர். அந்தக் கனத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் நிறம் தெரிகிறது: 30 வோல்ட் சுமாரில் நீலம், 60-ஐ ஒட்டித் தங்க மஞ்சள், 100-ஐத் தாண்டினால் பச்சை. மின்பகுளியைப் பொறுத்து இது சற்று மாறும்.

7 நானோமீட்டர் இருந்த இடத்தில் 60 இருப்பது அயனிக் கசிவைக் குறைக்கத்தான் செய்யும். ஆனால் நிறத்தின் முதன்மைப் பயன் அளவை அடையாளம் காண்பது; நிறமுள்ளது உயர்ந்தது, சாம்பல் நிறம் மட்டம் என்று எண்ணத் தேவையில்லை. காரக்கரைசலில் செய்யும் இன்னொரு வகை சாம்பல் நிறத்தில்தான் வரும். ஸ்க்ரூவும் பிளேட்டும் ஒன்றையொன்று கடித்து இறுகுவதை அதுதான் நன்றாகத் தடுக்கிறது. நூற்றுக்கணக்கான வோல்ட்டில் தீப்பொறி பறக்கச் செய்யும் முறையில் பல மைக்ரான் கனத்தில், நுண்துளைகளோடு, கால்சியமும் பாஸ்பரசும் கலந்த அடுக்கு கிடைக்கும். எலும்புக்கு அது பிடிக்கும். வளையும் பிளேட்டில் கனத்த அடுக்கு உரிந்துவிடுமா என்று பார்த்தே போட வேண்டும்.

ஒரே துண்டில் எல்லா இடத்துக்கும் ஒரே மெருகு என்பதும் தவறு. எலும்பைத் தொடும் பக்கம் கரடாக இருக்கலாம். தசையும் ஈறும் உரசும் பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். கரட்டில் கிருமிகள் குடியேறும்.

சோதனைச் சீட்டைப் படிப்பது எப்படி

'1000 மணி நேரம் உப்புத் தெளிப்புச் சோதனையில் தேறியது' என்று விளம்பரத்தில் இருந்தால், கடற்கரைக்காரர்களுக்கு அது கவர்ச்சியாகத்தான் தெரியும். 35 டிகிரியில் 5 சதவீத உப்புப் பனியைத் தெளிக்கும் அந்தச் சோதனை பெயிண்டுக்கும் முலாமுக்கும் உரியது. டைட்டேனியம் எதுவும் அதில் தேறிவிடும். நல்லதையும் கெட்டதையும் பிரிக்க அது உதவாது.

உரிய சோதனை ஏ.எஸ்.டி.எம் எஃப் 2129. உடலை ஒத்த உப்புக்கரைசலை 37 டிகிரியில் வைத்து, நைட்ரஜனால் ஆக்சிஜனை வெளியேற்றி, துண்டை மூழ்கவிட்டு ஒரு மணி நேரம் அதன் இயல்பு மின்னழுத்தத்தைப் பார்க்கிறார்கள். பிறகு மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றி, எந்த இடத்தில் மின்னோட்டம் திடீரென எகிறுகிறது என்று பார்த்து, திரும்ப இறக்குகிறார்கள். எகிறினால் படலம் உடைந்தது. இறங்கும்போது உடனே அடங்கினால் தன்னைத்தானே சரிசெய்துகொண்டது. அயனிக் கசிவுக்கு ஐ.எஸ்.ஓ 10993-15 உண்டு.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை:

1. சோதித்த துண்டு எது? நிறைய ஒப்பீடுகளில் அச்சுத் துண்டையும் சாதாரணத் துண்டையும் கண்ணாடிபோல் மெருகேற்றிவிட்டுச் சோதிக்கிறார்கள். அது உலோகத்தின் உள்ளமைப்பைப் பற்றிச் சொல்லும். நோயாளிக்குள் போகும் கரட்டுப் பரப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. என் கணிப்பில், அச்சு டைட்டேனியம் பற்றிய முரண்பட்ட செய்திகளில் பெரும்பகுதி இந்தக் குழப்பத்தால் வந்தது.

2. மின்னோட்டத்தை எந்தப் பரப்பால் வகுத்தார்கள்? வலைப்பின்னலின் வெளி அளவை மட்டும் எடுத்தால் அரிப்பு மிக அதிகமாகத் தெரியும். உண்மைப் பரப்பை எடுத்தால் சாதாரணமாகத் தெரியும். எதை எடுத்தார்கள் என்று சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

3. கிருமிநீக்கம் வரை எல்லாப் படியும் முடித்த துண்டா?

4. உரசலோடு சோதித்தார்களா? அசையாத துண்டில் வரும் நல்ல எண், கூம்புப் பொருத்து உள்ள இடுப்பு மூட்டுக்குப் போதாது.

அரிப்பு உண்மையில் நடக்கும் இடம்: இணைப்பு

தனியாக நிற்கும் டைட்டேனியம் துண்டு அரிப்பால் தோற்பது அபூர்வம். இரண்டு துண்டுகள் சேரும் இடமே தொல்லை. டைட்டேனியத் தண்டின் மேல் கோபால்ட்-குரோமியத் தலை பொருத்திய இடுப்பு மூட்டில், ஒவ்வொரு அடிக்கும் மைக்ரான் அளவு அசைவு. படலம் கிழியும், மறுபடி வளரும், வளரும்போது இடுக்கில் உள்ள ஆக்சிஜனைத் தின்னும், அமிலம் சேரும். உரசலும் இடுக்கரிப்பும் கைகோக்கும் இந்த நிலையில் கோபால்ட்டும் குரோமியமும் திசுவில் இறங்குகின்றன. இந்தப் பொருத்தை அச்சுக் கரட்டோடு விடாமல் கடைய வேண்டும் என்று மேலே சொன்னது இதனால்.

இரு உலோகம் சேரும் சிக்கல் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்குப் புதிதல்ல. வெண்கல விசிறியும் எஃகுத் தண்டும் கடல்நீரில் சேர்ந்தால் எஃகு கரையும் என்பதால்தான் பக்கத்தில் துத்தநாகக் கட்டியை பலிகொடுக்கக் கட்டுகிறார்கள். உடம்புக்குள் அப்படி எதையும் பலிகொடுக்க முடியாது. டைட்டேனியம் பிளேட்டில் எஃகு ஸ்க்ரூ போட்டால், இரண்டின் படலமும் முழுதாக உள்ளவரை பெரிதாக எதுவும் நடக்காது. உரசலில் எஃகின் படலம் கிழிந்தால் எஃகுதான் கரையும். ஆகையால் பிளேட்டும் ஸ்க்ரூவும் ஒரே உலோகமாக, ஒரே தயாரிப்பு வரிசையாக இருப்பது நல்லது.

இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு

*கடலில் இறங்கலாமா?* காயம் முழுதாக ஆறி மருத்துவர் அனுமதித்த பிறகு இறங்கலாம். உப்பு தோலைத் தாண்டிப் பிளேட்டை எட்டாது. வெளியே கம்பியும் கிளாம்ப்பும் தெரியும் வகைக் கட்டு வேறு கதை: கம்பி தோலைத் துளைக்கும் இடத்தில் கடல்நீர் பட்டால் கிருமித்தொற்று வரும், எஃகு கிளாம்ப் துருவேறி இறுகி, கழற்றும்போது மருத்துவருக்குக் கஷ்டம். அந்தக் கட்டு இருக்கும்வரை கடலும் உப்பளமும் வேண்டாம்.

*பல் இம்பிளாண்ட் உள்ளவர்கள்.* கட்டுரையில் ஃப்ளோரைடு என்று படித்ததும் குடிநீரை நினைத்துப் பயப்பட வேண்டாம். குடிநீரில் அனுமதிக்கப்படும் அளவு லிட்டருக்கு 1 முதல் 1.5 மில்லிகிராம். படலத்தைக் கெடுக்க, அமிலச் சூழலில் உருவாகும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் ஏறத்தாழ 30 பி.பி.எம் தாண்ட வேண்டும். 1000 முதல் 1500 பி.பி.எம் ஃப்ளோரைடு உள்ள சாதாரணப் பற்பசையும் அமிலத்தன்மை இல்லாததால் கேடில்லை. தவிர்க்க வேண்டியது, பல் மருத்துவமனையில் பூசும் 1.23 சதவீத அமில ஃப்ளோரைடு ஜெல், அதன் பி.எச் 3 முதல் 4. வாயில் டைட்டேனியம் இருப்பதை முன்கூட்டியே சொன்னால் அமிலமில்லாத சோடியம் ஃப்ளோரைடு பூசுவார்கள். கறை எடுக்கும்போது எஃகுக் கருவியால் இம்பிளாண்ட்டைச் சுரண்டாமல் பிளாஸ்டிக் அல்லது டைட்டேனியம் முனை கேட்பதும் நியாயமான கோரிக்கை.

*மருத்துவரிடம் கேட்கக்கூடியவை.* தயாரிப்பாளருக்கு 2017 மருத்துவ உபகரண விதிகளின்படி உரிமம் உள்ளதா, அல்லது தனி நோயாளிக்காக மருத்துவரின் எழுத்துச் சீட்டின்பேரில் செய்யப்பட்டதா? எந்தக் கலவை? அச்சுக்குப் பிறகு அழுத்த வெப்பமூட்டலும் அமிலச் செதுக்கலும் செய்தார்களா? தொகுதி எண் ஒட்டிய சீட்டின் ஒரு பிரதி கிடைக்குமா? கடைசிக் கேள்வி மிகவும் பயனுள்ளது. பல வருடம் கழித்து வேறு ஊரில் ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டி வந்தால், எந்தத் தலைக்கு எந்த ஸ்க்ரூடிரைவர் என்று அந்தச் சீட்டுதான் சொல்லும்.

*மருத்துவமனைகளுக்கு.* தனி நோயாளிக்கான அச்சுத் துண்டுகள் பல நேரம் கிருமிநீக்கம் செய்யாமல் வருகின்றன. கழுவி ஆட்டோகிளேவில் வைப்பது உள்ளூர் வேலை. 134 டிகிரி நீராவி டைட்டேனியத்தை ஒன்றும் செய்யாது. நீராவியோடு வரும் உப்புதான் பிரச்சினை. கடலோர நிலத்தடி நீரை அப்படியே ஊற்றினால் வலைப்பின்னலின் ஒவ்வொரு துளையிலும் உப்பு காய்ந்து நிற்கும், அதைத் துடைத்தெடுக்க வழியில்லை. அதே கூடையில் உள்ள எஃகுக் கத்தரிகளில் குழி அரிப்பும் வரும். அந்தக் கத்தரியின் துரு இம்பிளாண்ட்டில் படியும். ஐரோப்பியத் தரமான இ.என் 285 ஆட்டோகிளேவ் ஊட்டுநீருக்குச் சொல்லும் மின்கடத்துதிறன் வரம்பு சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமன்ஸ். ஆர்.ஓ. மட்டும் வைத்து இந்த எண்ணை எட்டுவது இங்கே கடினம், பின்னால் அயனி நீக்கி தேவைப்படும். மின்கடத்துதிறன் அளவியை வாரம் ஒருமுறை நீரில் வைத்துப் பார்த்து எண்ணை நோட்டில் எழுத வேண்டும்; ஏறத் தொடங்கினால் அயனி நீக்கியின் பிசின் உருளையை மாற்ற வேண்டிய நேரம். காரச் சோப்பு நீரில் நிறமேற்றிய ஸ்க்ரூக்களை ஊறவைக்கக்கூடாது, நிறம் வெளிறும். டைட்டேனியத் துண்டுகளுக்குத் தனிக் கூடை, நைலான் தூரிகை.